பாசிப்பச்சை எந்தப் பச்சை? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: கைத்தறிச் சேலைகளுக்கு விவரப்பட்டியல் எழுதும் வேலையில் இருக்கிறேன். அண்மையில் ஒரு சேலையின் நிறத்தைப் ‘பாசிப்பச்சை’ என்று குறித்திருந்தேன். உடன் பணிபுரிபவர், அது பாசிப்பயறின் நிறம் என்றும், இந்தச் சேலை அதைவிடக் கறுத்திருக்கிறது என்றும் சொல்கிறார். குளத்துப் பாசியை வைத்து வந்த பெயர் என்றே நான் நினைத்திருந்தேன். எது சரி? ‘பாசி பச்சை’ என்று பிரித்து எழுதலாமா?
வாசகி, சேலம்

பதில்: நீங்கள் நினைத்ததே சரி. பாசிப்பச்சை என்றதும் கண்முன் வரவேண்டியது படித்துறையிலும் கிணற்றுச் சுவரிலும் படரும் பாசிதான். மழைக்காலம் முடிந்த சில நாள்களில் ஒரு பழைய கிணற்றை எட்டிப் பாருங்கள். ஈரம் வற்றாத கீழ்வரிசைக் கற்களில் பாசி கறுத்த பச்சையாக, கை வைத்தால் வழுக்குவதாக இருக்கும். வெயில் படும் மேல்வரிசையிலோ அதுவே காய்ந்து, மஞ்சளும் பழுப்பும் சற்றே கலந்து மங்கிக் கிடக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட, பளபளப்பில்லாத, அடங்கிய பச்சைக்குத்தான் அந்தப் பெயர். கிளிப்பச்சையைப் போல அது கண்ணைப் பறிக்காது. இலைப்பச்சையின் துளிர்ப்பும் அதில் இராது.

ஆனால் உடன் பணிபுரிபவர் சொன்னதை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. பயறுக்கும் பாசிக்கும் பெயர் ஒரே வேரிலிருந்து கிளைத்தது. பசுமை, பச்சை, பசலை, பாசி, பைங்கிளியின் ‘பை’ ஆகிய அனைத்தும் ஒரு குடும்பத்துச் சொற்கள். ‘பசுமை’ என்னும் பண்புப்பெயர் இலையோடு சேரும்போது முதலெழுத்து நீண்டு ‘பாசிலை’ ஆவதை நன்னூல் ‘ஆதிநீடல்’ என்று குறிப்பிடுகிறது. அப்படிப் பார்த்தால் பாசிப்பச்சை என்பது பச்சைக்குப் பச்சையையே அடைமொழியாக்குவதாகும். இருந்தும் அது யாருடைய காதிலும் கூறியது கூறலாக ஒலிப்பதில்லை. பாசி என்ற சொல்லைக் கேட்டவுடன் வேர்ச்சொல்லா நினைவுக்கு வருகிறது, வழுக்கும் கல்லல்லவா வருகிறது! பயறின் தோலும் மங்கிய பச்சைதான் என்றாலும், தோலை நீக்கி உடைத்த பாசிப்பருப்பு முழு மஞ்சளாகிவிடுகிறது என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

பழைய தமிழில் இந்த வேர் இன்றைய பச்சையோடு நின்றுவிடவும் இல்லை. பொன்னைப் ‘பசும்பொன்’ என்றார்கள். பிரிவால் தலைவியின் மேனியில் படரும் பசலையைப் பீர்க்கம்பூவின் மஞ்சளோடு ஒப்பிட்டார்கள். அதே பசலைக்குக் குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர் காட்டும் உவமை, ஊரார் நீருண்ணும் கேணியின் துறையில் கூடிய பாசி. காதலர் தொடத் தொட அது விலகுகிறதாம், விட விடப் பரவுகிறதாம். குடத்தை அமிழ்த்தும்போது ஒதுங்கி, எடுத்ததும் மெல்லக் கூடிக்கொள்ளும் பாசியைப் பார்த்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உவமை அசைவைப் பற்றியதே தவிர நிறத்தைப் பற்றியதன்று. ஆயினும் பாசியும் பசலையும் பிறப்பிலேயே உறவுச் சொற்கள் என்பதை அறிந்து படித்தால், பாடல் இன்னும் ஒரு படி இனிக்கிறது.

பிரித்து எழுதுவது பிழை. ‘பாசி பச்சை’ என்று வல்லினம் மிகாமல் எழுதினால் அது எழுவாய்த் தொடராகி, ‘பாசி பச்சையாக இருக்கிறது’ என்றே பொருள்படும். ‘கிளி பச்சை’ என்றாலும் அப்படித்தான். நிறத்தின் பெயராக வரும்போது ‘பாசிப்பச்சை’, ‘கிளிப்பச்சை’ என்று ஒற்று மிகுந்தே வரவேண்டும்.

உங்கள் பட்டியலுக்காக இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சேலைக்கடைகளில் ‘ராமர் பச்சை’ என்று விற்பது நீலம் ஓடிய பச்சை. அதைப் பாசிப்பச்சையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. துணியை டியூப்லைட்டின் கீழே பார்த்து முடிவு செய்யாமல், பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இயற்கைச் சாயமிட்ட துணியானால் கூடுதல் கவனம் தேவை. ஒரே சாயத்தில் நல்ல பச்சை கிடைப்பது அரிது என்பதால், அவுரியில் நீலமேற்றிய துணியின்மேல் மஞ்சள் சாயத்தை ஏற்றிப் பச்சையை வரவழைப்பது நெடுங்கால வழக்கம். வெயிலில் மஞ்சள் முதலில் வெளுக்கும், அவுரி நிலைத்து நிற்கும். பாசிப்பச்சை என்று வாங்கிய சேலை சில ஆண்டுகளில் நீலம் தட்டினால், குறை உங்கள் சொல்லில் இராது.

கேள்வி: இராணுவச் சீருடையின் நிறத்தைப் பாசிப்பச்சை என்று மொழிபெயர்க்கலாமா?
வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். இந்தியத் தரைப்படைச் சீருடையின் நிறத்தை ‘ஆலிவ் பச்சை’ என்பதே வழக்கம், அதை அப்படியே எழுதலாம். விவிலியத் தமிழ் அறிந்தவர்களுக்கு அந்த மரம் ‘ஒலிவ மரம்’. பெயரில் பச்சை ஒட்டிக்கொண்டாலும், ஆலிவ் நிறம் உண்மையில் இருண்ட மஞ்சளின் பக்கம் சாய்ந்தது. இணையப் பக்கங்களுக்கான நிறப்பட்டியலில் அதன் அளவு சிவப்பு 128, பச்சை 128, நீலம் 0. அதாவது சிவப்பும் பச்சையும் சரிபாதி. காக்கியையும் இதனோடு சேர்க்க வேண்டாம். புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த அந்தப் பெயரைச் சில நாடுகளில் பச்சை கலந்த நிறத்துக்கும் வழங்குகிறார்கள். தமிழில் காக்கி என்றால் காவலரின் சட்டைதான், அதில் பச்சையை யாரும் தேடுவதில்லை.