இஸ்ரோவைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டால் என்ன தப்பு?

வளரும் நாட்டுக்கு எதற்கு அரசாங்க ராக்கெட், இஸ்ரோவைத் தனியாரிடம் கொடுத்தால் எலான் மஸ்க் மாதிரி நம் ஆட்களும் கலக்குவார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் ராக்கெட் திரும்பி வந்து நட்டுக்குத்தலாக நிற்கிற வீடியோவைப் பார்த்த சூட்டில் கேட்டது என்று நினைக்கிறேன். நானும் அதை வாய் பிளந்து பார்த்தவன்தான்.

நான் விஞ்ஞானி இல்லை. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறை. கம்ப்யூட்டர் சொல்படி கடைகிற சி.என்.சி. மெஷின் ரெண்டு, அப்பா காலத்து லேத் ஒன்று, ஆறு ஆட்கள். "லேத் ஓட்டுறவனுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், ராக்கெட்டில் போகிற துண்டு துணுக்குகளில் கொஞ்சம் எங்களை மாதிரிப் பட்டறைகளில்தான் பிறக்கிறது. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போகிற விகாஸ் எஞ்சினை கோத்ரெஜ் பல வருஷமாகச் செய்து கொடுக்கிறது. 2022இல் ஐந்து பி.எஸ்.எல்.வி.க்களை முழுசாகவே செய்து தர ஹெச்.ஏ.எல்.லும் எல் அண்ட் டி.யும் சேர்ந்து ஆர்டர் எடுத்தன. (ஹெச்.ஏ.எல். அரசு கம்பெனி, தெரியும், திருத்த வேண்டாம்.) சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் என்கிற தனியார் கம்பெனிப் பையன்கள் 2024 மே 30 அன்று முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினை வைத்து ராக்கெட் விட்டார்கள். ஆக, தனியார் எப்போதோ உள்ளே வந்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது கடைசியில் "சரி, போகலாம்" என்று சொல்கிறவர் யார் என்பதுதான். அதில்தான் எனக்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

2007. இஸ்ரோவின் மையம் ஒன்றுக்கு நாற்பது பீஸ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ளங்கை அளவு. கடைய வேண்டிய ராடை அவர்களே கொடுத்துவிடுவார்கள். நாற்பதுக்கு ஆகும் ராடும், செட்டிங்குக்கு, அதாவது மெஷினை அளவுக்குக் கொண்டுவர முதலில் கடைந்து பார்க்க, ரெண்டு பீஸ் கூடுதலாகவும். நான் செட்டிங்கிலேயே அஞ்சைக் கெடுத்துவிட்டேன். மூணு குறைகிறது. ராக்கில் அதே கிரேடு ராடு துண்டு ஒன்று கிடந்தது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதில் மூணு கடைந்து, கழுவி, எண்ணெய் போட்டு, நாற்பதையும் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் மலையாளி, வயசானவர். மைக்ரோமீட்டரில் நாற்பதையும் பார்த்தார். எல்லாம் அளவுக்குள். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் டீ குடித்துக்கொண்டே, "அந்த முனைத்துண்டு, கெட்ட பீஸ் எல்லாம் எடுத்து வாங்க" என்றார். தரையில் உட்கார்ந்து, கொடுத்த ராடின் நீளம், பீஸின் நீளம், வெட்டுக்குப் போகிற கனம் எல்லாம் ஒரு சீட்டில் கணக்குப் போட்டார். "அஞ்சு கெட்டிருக்கு. அப்போ முப்பத்தேழு தானே வரணும். நாற்பது எப்படி வந்தது?"

ஒரே உலையில் ஒரே தடவை உருக்கி ஊற்றிய எஃகுக்கு ஹீட் நம்பர் என்று ஒன்று உண்டு. ராடு முனையில் பஞ்ச் அடித்திருக்கும். வெட்டுவதற்கு முன் அதை அடுத்த துண்டுக்கும் அடித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். என் துண்டில் நம்பரே இல்லை, அது எந்த உலையில் ஊற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. "எது அந்த மூணு?" என்றார். எனக்கே தெரியவில்லை. நாற்பதும் ரிஜெக்ட்.

அவர் திட்டவில்லை. "அஞ்சு போச்சுன்னு ஒரு போன் பண்ணியிருந்தா ராடு அனுப்பியிருப்பேனே" என்றார், அவ்வளவுதான். மூணு மாசம் கழித்து மறுபடி ஆர்டர் வந்தது. இந்த முறை ரெண்டு நாள் தங்கி, என் பையன்களுக்குப் பஞ்ச் அடிக்கிற ரிஜிஸ்டர் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொன்று, ஆறேழு வருஷத்துக்கு முன். பெரிய தனியார் கம்பெனி ஒன்று, பேர் வேண்டாம். (ராக்கெட் சரக்கு இல்லை, பம்புக்குப் போகிறது, பதற வேண்டாம்.) அதே தப்பை என் ஆள் ஒருத்தன் செய்தான். நான் பட்டவன் ஆச்சே, நானே போன் போட்டுச் சொன்னேன். பர்ச்சேஸ் பையன், "சைஸ் ஓகேதானே? சர்டிபிகேட் இருக்குல்ல? அனுப்பிடுங்க சார், மாசக் கடைசி" என்றான்.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு மாசக் கடைசி இருந்தது. அந்தப் பெரியவருக்கு இல்லை.

இஸ்ரோவுக்கும் மாசக் கடைசி இல்லை. 2013 ஆகஸ்டில் அவர்களுடைய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிகிறது என்று நிறுத்தினார்கள். அந்தக் கட்டத்தையே மாற்றி 2014 ஜனவரி 5இல்தான் விட்டார்கள். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடுகிற நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சின் அன்றைக்குத்தான் முதல்முறை ஜெயித்தது. 2010இல் அதே மாதிரி எஞ்சினோடு போன ராக்கெட் கடலில் விழுந்திருந்தது. அந்த எஞ்சினின் தொழில்நுட்பம் தருகிறோம் என்ற ரஷ்யாவை அமெரிக்கா மிரட்டிப் பின்வாங்க வைத்தது 1993இல். இருபது வருஷம்! என் மச்சான் பைனான்ஸ் நடத்துகிறார், இருபது நாள் வட்டி நின்றால் வண்டியைத் தூக்கிவிடுவார்.

மஸ்க் மட்டும் எப்படி என்பீர்கள். மூணு ராக்கெட் தோற்று 2008இல் நாலாவது ஜெயித்த கையோடு நாசா 160 கோடி டாலர் ஆர்டர் கொடுத்தது. அது அரசாங்கப் பணம். அக்னிகுல் ராக்கெட் விட்டதும் ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ வளாகத்துக்குள்தான்.

அரசாங்கத்தில் மெத்தனம் இல்லையா என்றால் இருக்கிறது. டெண்டர் பேப்பர் பார்க்கவே தனி ஆள் வேண்டும். அதனால் செய்கிற வேலை முழுக்கத் தனியாருக்குப் போகட்டும், எனக்கும் நாலு காசு வரும். சோதனை மேடையும் அந்த ரிஜெக்ட் முத்திரையும் மட்டும் அரசாங்கத்திடம் இருக்கட்டும்.

ஒரு விஷயம், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை. தனியார் என்றால் சுறுசுறுப்பு என்கிறவர்கள் அவர்களிடம் பில் போட்டுப் பார்க்க வேண்டும். சிறு பட்டறைக்கு 45 நாளில் பணம் தராமல், நிதியாண்டு முடிந்தும் பாக்கி வைத்தால் வருமான வரியில் அந்தச் செலவை அந்த வருஷம் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் எங்களிடம், "அந்த உத்யம் பதிவை எடுத்துடுங்களேன், ஆர்டர் கொடுக்க வசதியா இருக்கும்" என்று ஜாடையாகச் சொல்கிறார்கள். (உத்யம் என்பது சிறு தொழில் என்று அரசாங்கத்தில் செய்கிற பதிவு.) நான் எடுக்கவில்லை. அந்த பம்ப் சரக்கை வாங்கிய கம்பெனியில் நாலு பில் நிற்கிறது. போன வாரமும் கேட்டேன், "சிஸ்டத்துல இருக்கு சார்" என்றார்கள்.