சீனி வருத்தமே இல்லாத அம்மாவுக்கு ஏன் சீனி மாத்திரை?

கேள்வி: டொக்டர், நாங்கள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். அம்மாவுக்கு 62 வயது, கொழுந்து பறித்தே காலத்தை ஓட்டியவர். இப்போது மேட்டு லயத்துக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. எக்கோ எடுத்து, இதயம் பம்ப் பண்ணுவது குறைவு என்றார்கள். போன கிளினிக்கில் டாபாகிளிஃப்ளோசின் என்று புது மாத்திரை எழுதினார்கள். பக்கத்துக் காம்பரா சித்தி சீனிக்குப் போடுவதும் அதுதான். அம்மாவுக்குச் சீனியே இல்லை. மாற்றித் தந்துவிட்டார்களோ என்று பயந்து பத்து நாளாக நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பதில்: தம்பி, மாற்றித் தரவில்லை. அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்காமல் கொப்பியை எடுத்துக்கொண்டு நாளைக்கே போய், நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி திரும்பத் தொடங்குங்கள்.

குழப்பம் வந்ததில் உங்கள் மேல் பிழை இல்லை, எழுதிக் கொடுத்தவர் ஒரு நிமிஷம் விளக்கியிருக்கலாம். இது சீனிக்கென்று வந்த மருந்துதான். 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், சீனிக்குப் புதிதாக வரும் மருந்து இதயத்தைக் கெடுக்காது என்று காட்டச் சொன்னது. அப்படிக் கெடுதல் இருக்கிறதா என்று தேடப் போன இடத்தில், 2015இல் இதே வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசின் மருந்தில், இதயச் செயலிழப்பால், அதாவது அம்மாவுக்குப் போல இதயம் சரியாகப் பம்ப் பண்ணாத வருத்தத்தால், வார்டில் சேர்வது 35 வீதம் குறைந்திருந்தது. சரி, சீனி இல்லாதவருக்கும் கொடுத்துப் பார்ப்போம் என்று, அம்மாவைப் போல இதயம் பம்ப் பண்ணுவது குறைந்த 4744 பேரை வைத்து டாபாகிளிஃப்ளோசினைச் சோதித்தார்கள், அவர்களில் பாதிக்கு மேல் சீனி இல்லாதவர்கள். 2019இல் முடிவு வந்தது: சுமார் ஒன்றரை வருஷத்தில், வருத்தம் மோசமானவர்களும் இதயத்தால் இறந்தவர்களுமாக, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்டவர்களில் நூற்றுக்கு 21 பேர், மருந்து போட்டவர்களில் 16 பேர். சீனி இருந்தவர், இல்லாதவர் இரண்டு பக்கமும் பலன் ஒன்றுதான்.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடுவது இது, அவற்றை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர் கூடப் போகும், கீழே அரிப்பு வந்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் என்று சாப்பிடாமல் கிடந்தால் அன்றைக்கு இதைப் போடுவதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: என் அண்ணனை இதய மருந்து ஆராய்ச்சி ஒன்றில் சேரக் கேட்கிறார்கள். நம்மை எலியாக்கப் பார்க்கிறார்களா? (பண்டாரவளை வாசகி)

பதில்: அந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்திருக்கிறது, தங்கச்சி. ஆனால் சோதிக்காமல் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. மாரடைப்புக்குப் பிறகு துடிப்பு தாறுமாறானவர்களுக்கு என்கெய்னைட், ஃபிளெகெய்னைட் கொடுத்தால் ஈசிஜி அழகாகிவிடும், டொக்டர்மாரும் நம்பி எழுதினார்கள். 1989இல் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டபோதுதான் மருந்து போட்டவர்களே அதிகம் இறந்தது தெரிந்தது.

அண்ணன் கேட்க வேண்டியது: படிவம் தமிழில் இருக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததா, இப்போதைய மாத்திரைகள் தொடருமா, நடுவில் விலகினால் கிளினிக் வைத்தியம் நிற்குமா. கடைசிக் கேள்விக்கு ‘நிற்காது’ என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். இலங்கையில் 2006 முதல் மருத்துவப் பரிசோதனைகளுக்குப் பதிவேடு இருக்கிறது, பதிவிலக்கத்தையும் கேளுங்கள். தமிழில் வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: இதய வருத்தக்காரர் உப்பை அடியோடு விட வேண்டுமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: 2022இல் வந்த ஓர் ஆய்வில் 806 பேரில் ஒரு பகுதியினருக்கு உப்பை இறுக்கிக் குறைத்துப் பார்த்தார்கள், இறப்போ ஆஸ்பத்திரிப் பயணமோ சொல்லும்படி குறையவில்லை. ஆனால் அவர்கள் மூன்று வேளையும் கருவாடும் சம்பலுமாக ரொட்டி சாப்பிட்டவர்கள் இல்லையே! கருவாட்டையும் ஊறுகாயையும் விடுங்கள், கறிக்கு அளவாக உப்புப் போடலாம். காலையில் சிறுநீர் கழித்தவுடன் எடை பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது தண்ணீர், அன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.