கறுப்பில் அச்சடிக்க மஞ்சள் மை எதற்கு?

கேள்வி: வீட்டில் இன்க்ஜெட் பிரிண்டர் வைத்திருக்கிறேன். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பக்கம்தான், அதுவும் கறுப்பில்தான் எடுப்பேன். ஆனாலும் மஞ்சள் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி அச்சடிக்க மறுத்தது. சரி என்று வேறு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ்களை வாங்கிப் போட்டேன். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. போன வாரம் ஏதோ அப்டேட் ஆன பிறகு ‘கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படவில்லை’ என்கிறது. காசு கொடுத்து நான் வாங்கிய மெஷினில் அவர்கள் கை வைக்கலாமா? இதைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள், இப்போதைக்கு. முதலில் பிரிண்டரை அணைத்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி, அதன் மேல் இருக்கும் செம்பு நிறப் புள்ளிகளையும் உள்ளே அவை தொடும் இடத்தையும் நூல் உதிராத துணியால் மெல்லத் துடையுங்கள். திரும்ப மாட்டிப் பாருங்கள். அழுக்கு படிந்தாலும் இதே அறிவிப்புதான் வரும். அப்டேட்டைத் திட்டுவதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

அப்படியும் ஏற்கவில்லை என்றால் நீங்கள் சந்தேகப்பட்டதுதான் நடந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜில் ஒரு சின்ன சிப் இருக்கிறது. ‘நான் யார்’ என்று பிரிண்டருக்குச் சொல்வது அதுதான். பிரிண்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதன் அப்டேட் அந்த அடையாளச் சோதனையை மாற்றிவிட்டால் நேற்று வரை ஓடிய சிப் இன்று அந்நியன். மை கெடவில்லை, மெஷினும் கெடவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் பழைய ஃபர்ம்வேர் திரும்பாது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கார்ட்ரிட்ஜ் விற்றவரிடம் உங்கள் மாடல் எண்ணையும் இப்போதைய ஃபர்ம்வேர் பதிப்பையும் சொல்லி, புதிய சிப் உள்ளதை மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய பிரச்சினை, பலர் மாற்றித் தருவார்கள். மாற்றியதும் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரிண்டரின் திரையில் நிறுத்திவிட்டு, கணினியில் உள்ள அதன் மென்பொருளையும் செல்போன் ஆப்பையும் மறந்துவிடுவார்கள். அப்டேட் அந்த வழியாகவும் வரும்.

பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் அப்டேட்டும் இதோடு நின்றுபோகும், உண்மைதான். அதனால் பிரிண்டரை யுஎஸ்பி கேபிளில் மட்டும் இணைத்து, வைஃபையை அணைத்துவிடுங்கள். பாதுகாப்பையும் பூட்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி அனுப்புவதுதான் இந்த வியாபாரத்தில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம்.

இனி மஞ்சள் மை. நீங்கள் ஒரு பக்கம்கூட வண்ணத்தில் எடுக்காவிட்டாலும் அது குறையும். பல மாடல்கள் கறுப்பை அடர்த்தியாகக் காட்ட வண்ண மைகளையும் கலக்கும். அதைவிடப் பெரிய செலவு சுத்தம் செய்வது. மை வரும் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. காய்ந்து அடைக்காமல் இருக்க, பிரிண்டர் அவ்வப்போது எல்லா நிறத்தையும் கொஞ்சம் உறிஞ்சி, அடியில் உள்ள பஞ்சில் கொட்டுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டது என்று ஒருநாள் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்யும், அது தனிக் கூத்து.

பக்கம் குறைவாக எடுப்பவருக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். பெட்டியில் போட்டிருக்கும் ‘இத்தனை பக்கம் வரும்’ என்ற கணக்கு பொய்யல்ல. ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேசத் தர முறைப்படி ஐந்து மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சடித்துப் பார்த்த கணக்கு அது. வாரத்துக்கு மூன்று பக்கம் எடுக்கும் வீட்டில் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை.

சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்து பிரிண்டரை நிறுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தி அணைத்தால்தான் மை தெளிக்கும் துளைகள் உள்ள மைத்தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்குள் உட்காரும். நடுவில் மின்சாரம் போனால் தலை திறந்தபடி காயும், அடுத்த முறை போடும்போது பெரிய சுத்தம் ஓடும். வாரம் ஒரு முறை நான்கு நிறமும் கொஞ்சம் வருகிற ஒரு பக்கம் எடுங்கள். கோடு விழுந்தால் உடனே ‘கிளீனிங்’ கொடுக்காமல் முதலில் நாசில் செக், அதாவது எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் சோதனைப் பக்கம், எடுத்துப் பாருங்கள். உண்மையிலேயே இடைவெளி இருந்தால் இரண்டு முறை சுத்தம் செய்து, ஓர் இரவு விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஏழெட்டு முறை தொடர்ந்து அடித்தால் அடைப்பு போகிறதோ இல்லையோ, கார்ட்ரிட்ஜ் காலியாகிவிடும்.

மை தீர்ந்தது என்ற அறிவிப்பையும் முழுசாக நம்ப வேண்டாம். பல மாடல்களில் சிப் அளப்பது மையை அல்ல, தெளித்த துளிகளின் எண்ணிக்கையை. சில மாடல்களில் ஸ்டாப் பட்டனை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அறிவிப்பைத் தாண்டி அச்சடிக்கலாம். கறுப்புக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று என இரண்டே கார்ட்ரிட்ஜ் உள்ள சிலவற்றில், வண்ணத்தைக் கழற்றிவிட்டால் கறுப்பை மட்டும் வைத்து ஓடும். தலை தனியாகவும் மை தனியாகவும் உள்ள பிரிண்டரில் மட்டும் காலியானபின் வற்புறுத்தாதீர்கள். காற்று புகுந்தால் தலை போய்விடும்.

‘கை வைக்கலாமா’ என்று கேட்டீர்கள். என் கருத்து, கூடாது. 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பல, வெளி நிறுவன கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென மறுத்தபோது எழுந்த எதிர்ப்பில், அந்தத் தடை இல்லாத ஃபர்ம்வேரை நிறுவனம் தனியாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2017-ல் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜின் மேல் காப்புரிமையைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் சிப்பால் பூட்டுவதை அது தடை செய்யவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த பழுதுநீக்கும் உரிமைச் சட்டம், பழுதுபார்ப்பதைத் தடுக்கும் மென்பொருள் பூட்டுகளைத் தொடுகிறது. அதன் பட்டியலில் வாஷிங் மெஷின் இருக்கிறது, செல்போன் இருக்கிறது, பிரிண்டர் இல்லை. மெஷினை மலிவாகக் கொடுத்து மையில் சம்பாதிப்பது அவர்கள் பாடு. அதை நான் குறை சொல்லவில்லை. விற்ற பிறகு விதியை மாற்றக் கூடாது, மாற்றும் உத்தேசம் இருந்தால் பெட்டியின் முன்பக்கமே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது இதைத்தான், உங்கள் ஊர்ப் பிரதிநிதியிடமும் நுகர்வோர் அமைப்பிடமும்.

மாதச் சந்தா மையில் சேரச் சொல்லி வரும் அழைப்பில் மட்டும் நிதானமாக இருங்கள். சந்தாவை நிறுத்தினால் பாதி மை இருக்கும்போதே கார்ட்ரிட்ஜ் செயலிழக்கும் திட்டங்கள் உண்டு.

இந்த பிரிண்டர் தானாக உயிரை விடும் நாளில், கறுப்பு மட்டும் எடுக்கும் உங்களுக்கு மோனோ லேசர், அதாவது கறுப்பில் மட்டும் அச்சடிக்கும் லேசர் பிரிண்டர், போதும். அதில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் ஒரு பொடி, ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் காயாது. டோனரிலும் சிப் பூட்டு உண்டு, ஆகவே வாங்கும் முன் அந்த மாடலுக்கு வெளி டோனர் ஓடுகிறதா என்று கேளுங்கள். மெஷின் விலையைப் பார்க்காமல், டோனர் விலையை அதன் பக்கக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். கூடவே வரும் முதல் டோனர் பல மாடல்களில் முழுதாக நிரப்பப்பட்டிருக்காது, அதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.