மொரிஸ் மைனரின் கியர் பொக்ஸ் முனகினால்

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பா விட்டுச்சென்ற 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். முதல் மூன்று கியரிலும் முனகல், நாலாம் கியரில் சத்தமே இல்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது நறநறவென்று அரைக்கிறது. இறக்கத்தில் அக்ஸிலேட்டரை விட்டால் இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஒரு கராஜில் "எல்லாப் பெயாரிங்கையும் மாற்றினால் போதும்" என்றார்களாம். இன்னொரு இடத்தில் "இதை எறிந்துவிட்டு ஜப்பான் ஐந்து கியர் பொக்ஸ் பூட்டுங்கள்" என்றார்களாம். வீட்டிலேயே கழற்றலாமா, எதை மாற்றுவது, எதை விடுவது என்பது அவருடைய கேள்வி.

கழற்றலாம். ஆனால் கழற்றுவது இந்த வேலையின் சின்னப் பாதிதான். திறந்து மேசையில் வைத்த பிறகு எது தேறும், எது தேறாது என்று முடிவெடுப்பதுதான் பெரிய பாதி. அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். சாக்கில் கட்டி கராஜில் கொடுத்துவிட்டு இரண்டு கிழமை கழித்து வாங்கப் போனால், உள்ளே இருந்த நல்ல பாகங்கள் இருக்கின்றனவா என்றே உங்களுக்குத் தெரியாது.

முதலில் சத்தத்தைக் கவனிப்போம். நாலாம் கியரில் எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டும் பின்னால் போகும் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு நேராகச் சுற்றும். கீழே கிடக்கும் லேஷாஃப்ட் என்ற தடியின் மேலுள்ள லே கியர் என்ற பற்சக்கரத் தொகுதி அப்போதும் சுற்றும், ஆனால் அதன்மேல் பாரம் இராது. மற்ற மூன்று கியரிலும் பாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. ஆகவே மூன்றில் முனகி நாலில் அடங்குகிறது என்றால் முதல் சந்தேகம் லேஷாஃப்டும் அதைச் சுற்றியுள்ள ஊசி பெயாரிங்குகளும்தான். இந்தப் பெட்டிகளில் அதிகம் தேய்வதும் அதுவே. ஒரு விஷயம்: முதலாம் கியரிலும் ரிவர்ஸிலும் பற்கள் நேராக வெட்டியவை. அந்த இரண்டும் புதுக் காரிலேயே ஊளையிடும். அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இரண்டிலும் மூன்றிலும் வரும் சத்தம்தான் கணக்கு.

அரைக்கும் சத்தத்துக்குக் கியர் பொக்ஸ்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. எஞ்சின் ஓடும்போது கிளச்சை முழுவதும் அமத்தி, சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கிளச் சரியாக விடவில்லை. மைனரில் கிளச்சை இயக்குவது கம்பிகளும் அவற்றை இணைக்கும் முளைகளும் (பின்) தான். அறுபது வருடத்தில் அந்த முளைத் துளைகள் எல்லாம் நீள்வட்டமாகியிருக்கும். சத்தமில்லாமல் ரிவர்ஸ் விழுந்தால் மட்டும் இரண்டாம் கியரின் சின்க்ரோ வளையத்தை, அதாவது கியர் விழுமுன் சுற்றும் வேகங்களை ஒன்றாக்கும் வளையத்தை, குறை சொல்லலாம்.

அடுத்தது ஒயில். கீழ் நட்டைக் கழற்றி ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் பிடித்து வெயிலில் பாருங்கள். பொன்னிறத் தூள் மினுங்கினால் அது சின்க்ரோ வளையத்தின் தேய்மானம், வயதுக்கு இயல்பு. காந்தத்தில் ஒட்டும் செதில் செதிலான இரும்பு வந்தால் உருக்கு உரிகிறது, இனி ஓட்ட வேண்டாம். மைனரின் கியர் பொக்ஸுக்குக் கம்பனி சொன்னது எஞ்சின் ஒயில், எஸ்ஏஇ 30. இன்று 20டபிள்யூ-50 மினரல் ஒயில் ஊற்றினாலும் நன்றாக ஓடும். பின் அச்சுக்குரிய தடித்த ஈபி 90 ஒயிலை இதற்குள்ளும் ஊற்றிவிடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. தடிப்பான ஒயிலில் சின்க்ரோ பிடிக்காது. டின்னில் ஜிஎல்-5 என்று தரம் போட்ட வகையாக இருந்தால் அதிலுள்ள இரசாயனம் பித்தளை, வெண்கல வளையங்களை அரிக்கவும் கூடும். ஒயிலை மாற்றியதும் அரைப்புக் குறைந்த கார்கள் உண்டு. இரண்டு கிழமை அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் காரில் முனகலும் இருக்கிறது, கியரும் கழல்கிறது. எனவே எப்படியும் திறக்கத்தான் வேண்டிவரும்.

எஞ்சினோடு சேர்த்து முன்பக்கமாகத் தூக்கலாம், அல்லது கியர் பொக்ஸை மட்டும் கீழே இறக்கலாம். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் இரண்டாவதே உங்களுக்குப் போதும். காரைத் தூக்கி நிறுத்துவதில் மட்டும் சமாதானம் செய்யாதீர்கள். ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே போகக் கூடாது. சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துவது அதைவிட ஆபத்து. கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். நாலு இரும்பு ஸ்டாண்ட் வாடகைக்காவது எடுங்கள், தரை சமமாக இருக்கட்டும்.

பட்டரி வயரைக் கழற்றி, ஒயிலை வடித்துவிட்டு, உள்ளே முன் சீட்டுகளையும் கார்ப்பட்டையும் எடுத்தால் நடுவில் கியர் பொக்ஸை மூடியிருக்கும் தகட்டு மூடி தெரியும். அதன் ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியை எடுத்தால் மேலிருந்தே பாதி வேலை செய்யலாம். கியர் தடி, ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டாட்டர் மோட்டர், கிளச் கம்பி என்று ஒவ்வொன்றாக விலக்குங்கள். பின் அச்சோடு பூட்டியிருக்கும் ஷாஃப்டின் நாலு போல்ட்டையும் கழற்றும் முன், இரண்டு விளிம்புக்கும் குறுக்கே பெயின்ற் கோடு ஒன்று போடுங்கள். திரும்ப அதே இடத்தில் பூட்டாவிட்டால் அதிர்வு வரும். கியர் பொக்ஸ் பக்கத்தில் பின்னல் எர்த் வயர் ஒன்று இருக்கும். திரும்பப் பூட்டும்போது எல்லாரும் மறக்கிற பொருள் இதுதான். அதை மறந்தால் ஸ்டாட்டருக்குப் போகும் மின்சாரம் சோக் கேபிள் வழியாகவும் ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாகவும் வழி தேடும், கேபிள் சூடாகிப் புகையும்.

தெஹிவளை, வெள்ளவத்தை என்று கடற்கரையோரத்தில் நின்ற கார் என்றால் கியர் பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகள் உப்புக் காற்றில் உறைந்திருக்கும். முதல் நாளே துரு இளக்கும் ஒயில் விட்டு வையுங்கள். அந்த நட்டுகள் சேஸிக்குள்ளே ஒட்டவைத்தவை. பலத்தைக் காட்டினால் நட்டு உள்ளேயே சுழலத் தொடங்கும், பிறகு தகடு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்குங்கள். அதற்குப் பின்னாலுள்ள பெரிய குறுக்குச் சட்டம் வேறு. அதில்தான் முன் சில்லுகளுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார்கள் என்ற தடிகள் முறுக்கேறி நிற்கின்றன. அதை அசைக்கவே வேண்டாம்.

சட்டத்தைக் கழற்றுவதற்கு முன் எஞ்சினின் சம்ப்புக்கு (அடியிலுள்ள ஒயில் தொட்டி) கீழே பலகை வைத்து ஜக் கொடுங்கள். பின்பக்கத் தாங்கல் போனதும் எஞ்சின் சரியும், விசிறி ரேடியேட்டரில் இடிக்கும். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். பெட்டியை நேராகப் பின்னுக்கு இழுங்கள், இடையில் தொங்க விடாதீர்கள். தொங்கினால் முன் ஷாஃப்ட் கிளச் தட்டின் நடுப்பகுதியை வளைத்துவிடும்.

மேசையில் வைத்ததும் வெளியழுக்கை மண்ணெண்ணெயால் கழுவிய பிறகே திறவுங்கள். பெற்றோல் வேண்டாம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்ற முன் கைபேசியில் படம் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே தட்டில் வையுங்கள்.

இனி லேஷாஃப்ட். அதை வெளியே தட்டும்போது அதே தடிப்பில் கொஞ்சம் கட்டையான ஒரு தடியைப் பின்தொடர விடுங்கள். இல்லாவிட்டால் ஊசிகள் பெட்டிக்குள் சிதறும். ஷாஃப்டை நன்றாகத் துடைத்து ஊசிகள் ஓடிய இடத்தில் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். நல்ல ஷாஃப்ட் கண்ணாடி போல வழுக்கும். தேய்ந்ததில் அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் நகத்தில் தட்டும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். ஷாஃப்ட் சுற்றாமல் நிற்பதால் பாரம் எப்போதும் ஒரே பக்கத்தில் விழுகிறது. திருப்பி வைத்துப் பூட்டலாமே என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். குழி விழுந்தது என்றால் கடினப்படுத்திய மேற்படை போய்விட்டது.

லே கியரின் உள் துளையையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஷாஃப்டும் ஊசியும் புதிது, துளை பழையது என்றால் அதே முனகல் சீக்கிரமே திரும்பி வரும். "எல்லாப் பெயாரிங்கையும் மாற்றினால் போதும்" என்ற கராஜின் பேச்சு தவறுவது இங்கேதான். பெரிய குண்டு பெயாரிங்குகள் பல நேரம் நன்றாகவே இருக்கும். கழுவிக் காயவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பு இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

புதுச் ஷாஃப்ட் வாங்கும்போது ஒரு அரத்தைக் கொண்டுபோங்கள். ஓரத்தில் லேசாக அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அரம் கடித்துத் தூள் விழுந்தால் அது வெறும் இரும்பை லேத்தில் கடைந்தது, கடினப்படுத்தவில்லை. பார்க்க மினுமினுப்பாக இருக்கும், ஆனால் நிலைக்காது. பஞ்சிகாவத்தையில் பழைய கார்ப் பாகம் வைத்திருக்கும் கடைகளில் தேடுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்காமல் பழைய ஷாஃப்டைக் கையில் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். 948 சிசி மைனரின் பெட்டி வெளியே வழவழப்பானது, உங்கள் 1098இன் பெட்டியில் வெளியே வரிவரியான விலா இருக்கும். உள் பாகங்கள் பல ஒன்றுக்கொன்று பொருந்தா. இங்கே கிடைக்காவிட்டால் பிரித்தானியாவில் மைனர் பாகம் மட்டுமே விற்கும் கடைகள் இருக்கின்றன, தபாலில் எடுக்கலாம். ஒரு காலத்தில் அங்குள்ள மைனர்களுக்கே தகட்டுப் பாகங்கள் இலங்கையில் செய்து அனுப்பினார்கள். இந்தக் காரைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் இந்த நாட்டில் இன்னும் இருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பூட்டும்போது லே கியரின் முன்பின் ஆட்டம் 0.001 முதல் 0.003 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள். இரு பக்கத் தகட்டு வாஷர்களைத் தெரிந்தெடுத்துத்தான் அது சரிவரும்.

இரண்டாம் கியருக்கு வருவோம். சின்க்ரோ வளையத்தை அதன் கூம்பில் அமத்திச் சுற்றினால் பிடிக்க வேண்டும். வளையத்துக்கும் கியரின் சின்னப் பற்களுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி இல்லாமல் போய் ஒட்டினால் வளையம் முடிந்தது. கியர் கழல்வதற்கு அந்தச் சின்னப் பற்களின் முனை மழுங்கியதும் காரணமாகலாம், பிடித்துவைக்கும் குண்டு ஸ்பிரிங் சோர்ந்ததும் காரணமாகலாம். ஸ்பிரிங் மலிவு, பார்க்காமலே மாற்றுங்கள். முதலாம் கியரின் பல் ஓரங்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். அதற்குச் சின்க்ரோ கிடையாது, கார் முழுவதும் நின்ற பிறகு முதலாம் கியர் போடுங்கள்.

பெட்டி வெளியே இருக்கும்போதே கிளச் தட்டு, அமத்தும் கார்பன் பெயாரிங், ஃப்ளைவீல் நடுவிலுள்ள வெண்கலப் புஷ், பின் ஒயில் சீல், ரப்பர் மவுண்ட் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வெண்கலப் புஷ்ஷைப் பூட்ட முதல் ஒரு இரவு எஞ்சின் ஒயிலில் ஊற வையுங்கள். முன் மூடியில் ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் காடிதான் உண்டு. மூடி நடுவாக உட்கார வேண்டும், ஒயில் திரும்பும் துளையை சிலிக்கோன் அடைக்கக் கூடாது. அடைத்தால் ஒயில் நேரே கிளச்சுக்குப் போகும்.

ஐந்து கியர் பொக்ஸ் பற்றி: தெற்கு அதிவேகப் பாதையில் அடிக்கடி ஓடுகிறவருக்கு அதில் நியாயம் இருக்கிறது. காலி வீதியில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் போய்வர ஐந்தாம் கியருக்கு வேலையே வராது. அதைப் பூட்டத் தரையையும் சட்டத்தையும் வெட்ட வேண்டும். அப்பாவின் காரில் அந்த வெட்டு வேண்டாம் என்பது என் கருத்து. எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் பழைய பெட்டியை ஒயில் பூசிப் பத்திரமாக வையுங்கள், இரும்புக்குப் போடாதீர்கள்.

காரில் ஏற்றுவதற்கு முன் மேசையிலேயே எல்லாக் கியரையும் கையால் போட்டுச் சுற்றிப் பாருங்கள். ஏற்றிய பிறகு எர்த் வயர் இருக்கிறதா என்று பார்த்து, சுமார் 1.3 லீற்றர் ஒயில், அதாவது மட்டத் துளையில் வழியும் வரை, விடுங்கள். அதற்குமேல் விட்டால் முன்னால் சொன்ன சுருள் காடி தாங்காது. நியூட்ரலில் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஒழுங்கைகளில் மெதுவாக ஓட்டுங்கள். 500 கிலோமீற்றரில் ஒயிலை மறுபடி வடித்துக் காந்தம் வைத்துப் பாருங்கள். மெல்லிய பசைபோல ஒட்டினால் புதுப் பாகங்கள் பழகுகின்றன. செதில் வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு எழுதுங்கள், எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.