பழையன உடுத்தல்: வாசகர் கேள்வி – பதில்

பட்டுப்புடவைப் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு பாட்டியின் பீரோ, அப்பாவின் சட்டை, சந்தையில் வாங்கிய கோட்டு, தோழியிடம் கேட்டு வாங்கிய புடவை என்று கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஐந்து கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பாட்டியின் ஒன்பது கஜக் காஞ்சிபுரம் பட்டுப்புடவை எங்கள் வீட்டில் இருக்கிறது. அரக்கு நிற உடல், இருபுறமும் மாம்பழ மஞ்சள் கரை. இப்போது வீட்டில் யாரும் மடிசார் கட்டுவதில்லை. தம்பியின் திருமணத்துக்கு அதை வெட்டி லெஹங்கா தைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். "பாட்டி புடவையில் கத்தரி படக் கூடாது" என்கிறார் அம்மா. கட்டும் நுனிக்கு அருகில் ஒரு மடிப்பு விட்டுக் கிழிந்தும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் ஆசை, அம்மாவின் தயக்கம் இரண்டுக்கும் அந்தப் புடவையில் இடம் இருக்கிறது. ஒன்பது கஜம் என்பது ஏறக்குறைய 8.2 மீட்டர். இன்று நாம் கட்டும் ஆறு கஜத்துக்கு 5.5 மீட்டர் போதும். ஆகவே முந்தானையைத் தொடாமல், கட்டும் நுனியிலிருந்து அளந்து 2.7 மீட்டரை வெட்டி எடுத்தாலும் முந்தானையோடு ஒரு முழுப் புடவை மிஞ்சும். அதை அம்மா கட்டிக்கொள்ளலாம். வெட்டிய துண்டு உங்களுக்கு ஒரு பட்டுப் பாவாடையாகும்.

தைக்கும் முறையைத் தையற்காரரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. புடவையின் அகலம் சுமார் 48 அங்குலம். இடுப்பிலிருந்து கால் வரை உங்களுக்குத் தேவைப்படுவது 40 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். ஒரு பக்கக் கரை பாவாடையின் அடியில் அப்படியே வரட்டும். மேல் பக்கக் கரையைப் பிரித்தெடுத்து ரவிக்கையின் கைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2.7 மீட்டர் சுற்றளவில் லெஹங்காவைப் போலக் குடை விரியாது, ஆனால் அளவான கொசுவத்துக்குத் தாராளமாகப் போதும். என் கண்ணுக்கு அதுதான் அழகு. கனத்த கரை அதிகம் விரிந்தால் விறைத்து நிற்கும். அளவாகக் கொசுவினால் தானாக விழும்.

கத்தரியை எடுக்குமுன் துணிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெட்ட நினைக்கும் பகுதியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இழை நைந்த இடங்கள் வெளிறிய கோடுகளாகத் தெரியும். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து மெல்ல வெளிப்புறமாக இழுங்கள். இழை விலகாமல் நின்றால் தையல் தாங்கும். பொரபொரவென்று விட்டுக்கொடுத்தால் அந்தப் பட்டு எந்த உடையாகவும் ஆகாது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், இடுப்பில் கட்ட முடியாது. நீங்கள் சொல்லும் ஒற்றைக் கிழிசல் மடித்தே வைத்திருந்ததால் வந்தது. அதன் பின்புறம் மெல்லிய மல் துணியை வைத்து ஒட்டுத் தையல் போட்டுக் கொசுவத்தின் உள்மடிப்பில் வருமாறு அமைத்தால் யார் கண்ணிலும் படாது.

அம்மா கத்தரியைப் பார்த்து ஏன் பதறுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற கோர்வைப் புடவையில் இரண்டு பக்கக் கரைகளுக்கும் உடலுக்கும் தனித்தனியாக மூன்று நாடாக்கள், அதாவது குறுக்கு இழையைக் கொண்டுபோகும் தறிக் கட்டைகள், ஓட வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும், அதாவது குறுக்கு இழையிலும், கரையும் உடலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே தறியில் நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அந்த உழைப்பைக் குறுக்கே வெட்டும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் தெருவில் "பழைய பட்டுப்புடவை, ஜரிகை" என்று கூவி வருபவரிடம் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். அவர் எடைபோட்டு வாங்குவது புடவையை அன்று, ஜரிகையில் இருக்கும் வெள்ளியை. பட்டு நெருப்பில் போய்விடும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். 1980-களில் அப்பா அணிந்த சட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சாலையோரக் கடைகளிலும் பழைய சட்டைகள் வாங்குகிறேன். ஆனால் போட்டுக்கொண்டு போனால் நண்பர்கள், "யாரோடதுடா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். இதை நாகரிகமாக அணிவது எப்படி?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நண்பர்களின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. சட்டை பழையது என்பதற்காக அவர்கள் சிரிக்கவில்லை. அது உங்களுடையதாக இல்லை என்பதற்காகச் சிரிக்கிறார்கள். பழைய உடையைப் பொறுத்தவரை கடைக்காரரைவிடத் தையற்காரரே முக்கியமானவர் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ஐம்பது ரூபாய்ச் சட்டைக்கு நூற்றைம்பது ரூபாய் தையற்கூலி கொடுக்க மனம் வராதவர்கள் பழைய துணி பக்கமே போக வேண்டாம்.

சட்டையில் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். உடலைப் பிடிப்பது எளிது, நீளத்தைக் குறைப்பது அதைவிட எளிது, முழுக்கையை அரைக்கையாக்குவது அரை மணி நேர வேலை. ஆனால் தோள் இறங்கியிருந்தால் கையைப் பிரித்துக் கைக்குழியை மறுபடி வெட்ட வேண்டும். பெரும்பாலும் சரியாக வராது. எனவே தோள் பொருந்தாத சட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கழுத்துப் பட்டியிலுள்ள எண்ணை நம்ப வேண்டாம். அன்றைய 40-ம் இன்றைய 40-ம் ஒன்றல்ல, ஒரே காலத்தில்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்களிடம் நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அதன் தோள், மார்பு, நீளம் மூன்றையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். பையில் எப்போதும் ஓர் இன்ச் டேப் இருக்கட்டும்.

கடையில் முதலில் அக்குளைப் பாருங்கள். அங்கே மஞ்சள் ஏறி விறைத்திருந்தால் போகாது. அடுத்து காலரின் மடிப்பு விளிம்பு. அது மட்டும் தேய்ந்து, மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒரு காலத்தில் நம் ஊர்த் தையற்காரர்கள் எல்லோருமே "காலர் திருப்புவது" என்ற வேலையைச் செய்வார்கள். காலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்துவிட்டால் சட்டைக்கு இன்னும் நான்கைந்து வருடம் ஆயுள். என் தந்தையின் வெள்ளைச் சட்டைகள் எல்லாமே இப்படி இரண்டு ஜென்மம் எடுத்தவை. இன்றைக்கும் ஐம்பது வயதைக் கடந்த தையற்காரரிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே செய்து தருவார்.

அப்பாவின் பெட்டியில் டெரிகாட்டன், பாலியெஸ்டர் சட்டைகள்தான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் அவை கசங்காத அதிசயம்; வியர்வையில் அவை படுத்தும் பாடு வேறு. அவற்றைப் பொத்தான் போடாமல், பருத்திப் பனியனுக்கு மேல் ஜாக்கெட்டைப் போல அணியுங்கள். எந்தத் துணி என்று ஐயம் இருந்தால் உள்தையலிலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவதைப் போல மணக்கும். பட்டு முடி பொசுங்கும் வாடை அடித்துச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

கடைசியாக ஒன்று. நீண்ட கூர் காலர், பெல்பாட்டம், அகலமான பெல்ட், பெரிய கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் அது பள்ளி ஆண்டு விழாவின் மாறுவேடப் போட்டி. ஏதாவது ஒன்று பழையதாக இருக்கட்டும். மற்றவை இன்றையவையாக, எந்த ஆரவாரமும் இல்லாதவையாக இருக்கட்டும்.

கேள்வி: இங்கே பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் நல்ல டெனிம் ஜாக்கெட்டுகளும் கம்பளிக் கோட்டுகளும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த வாடைதான் போவதில்லை. சுத்தம் பற்றியும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: வாங்கி வந்த துணியை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வைத்து, துவைக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். பருத்தி, டெனிம் வகைகளை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் மிஞ்சாது. துணி சற்றுச் சுருங்கலாம் என்பதால் வாங்கும்போதே கொஞ்சம் தாராளமாகப் பாருங்கள். அலசும் நீரில் ஒரு கோப்பை வெள்ளை வினிகரைச் சேர்த்தால் பழைய வாடை பெருமளவு குறையும். வினிகரின் வாடை காயும்போது போய்விடும். பூச்சி உருண்டையின் நெடி மட்டும் தண்ணீருக்கு அசையாது. காற்றோட்டமான நிழலில் நாட்கணக்கில் தொங்கவிட வேண்டும். கம்பளிக்குச் சூடான நீர் ஆகாது. அதை உலர்சலவைக்குக் கொடுத்துவிடுங்கள். உள்ளாடைகளையும் காலணிகளையும் பழையதாக வாங்கும் பழக்கத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சாயம் போகுமா என்று பார்க்க, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையை உள்தையலில் அழுத்திப் பாருங்கள். ஒரு வேடிக்கை: 1960-களில் அமெரிக்காவில் நம் சென்னைக் கட்டத் துணியை "பிளீடிங் மெட்ராஸ்" என்று பெயர் சூட்டி, சாயம் கசிவதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். ஒவ்வொரு சலவையிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிய அந்தச் சட்டைகளைப் பழந்துணிப் பிரியர்கள் இன்றும் தேடுகிறார்கள். உங்கள் ஊர்க் குவியலில் ஒன்று அகப்பட்டால் தனியே, குளிர்ந்த நீரில் அலசுங்கள். லீவைஸ் ஜாக்கெட் கிடைத்தால் பையோரத்துச் சிவப்புப் பட்டியையும் பார்த்துவிடுங்கள். அதில் ஆங்கிலப் பெயரின் நடுவே உள்ள 'E' பெரிய எழுத்தாக இருந்தால் 1971-க்கு முந்தைய துணியாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அதே பட்டியை வைத்துப் பிற்காலத்தில் மறுபதிப்புகளும் வந்திருக்கின்றன, அவசரப்பட்டு விலை கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அலுவலகத் தோழிகள் நாங்கள் ஆறு பேர், விழாக்களுக்குப் புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிறோம். சிக்கனமாகவும் இருக்கிறது, புதிதாகவும் இருக்கிறது. ஆனால் இரவல் வாங்குவது கௌரவக் குறைவு என்கிறார் மாமியார். இதில் ஏதாவது முறை இருக்கிறதா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதையைப் பழமொழி சொல்லும்; அவள் இரவல் வாங்கியதைப் பழமொழி குறை சொல்லவில்லை. மாமியாரிடம் ஒன்றைப் பணிவாக நினைவூட்டலாம். பிறந்த குழந்தையைப் புதுத்துணியிலா முதலில் சுற்றினார்கள்? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன யாரோ ஒரு பெரியவரின் வேட்டியிலோ புடவையிலோதானே? தூளி கட்டியதும் பழைய புடவையில்தான்.

முறை என்றால், புடவை இரவலாக இருக்கலாம், ரவிக்கை உங்களுடையதாக இருக்க வேண்டும். அளவு பிசகிய ரவிக்கை எவ்வளவு உயர்ந்த புடவையையும் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு, அரக்கு, மங்கிய பொன் நிறம் ஆகிய மூன்றில் நன்றாகத் தைத்த ரவிக்கைகள் இருந்தால் ஆறு பேருடைய பீரோவும் உங்கள் பீரோதான். பழைய புடவைகள் பலவற்றில் இணைந்த ரவிக்கைத் துணியே கிடையாது. எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் பெயரால் "எம்.எஸ். புளூ" என்று வழங்கும் அந்த நீலப் பட்டுக்கு அதே நீலத்தில் ரவிக்கை தேடி அலையாமல் அரக்கை வைத்துப் பாருங்கள்.

ஊக்கு குத்தும்போது பட்டுக்கும் ஊக்கின் வளைவுக்கும் நடுவே ஒரு சின்னப் பொத்தானைக் கோத்துக்கொண்டால் இழை சிக்கிக் கிழியாது. வாசனைத் திரவியத்தைப் புடவை கட்டுமுன் உடலில் பூசிக் காயவிடுங்கள். அத்தையிடம் இரவல் வாங்கிய புடவையைக் கட்டிய பிறகு நான் அவசரமாகத் தெளித்துக்கொண்டதில், ஜரிகையில் நாலணா அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு புடவையும் தரவில்லை. எண்ணெய் பட்டால் தண்ணீர் வைத்துத் தேய்க்காமல், முகப்பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் விட்டு உதறுங்கள். திருப்பித் தருமுன் நீங்களாகவே சலவைக்குப் போடாதீர்கள். நிழலில் ஓர் இரவு ஆறப்போட்டு, கறை ஏதும் இருந்தால் இடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு, எப்படிச் சலவை செய்வது என்று உரியவரிடமே கேளுங்கள்.

கேள்வி: என் திருமணப் புடவையை மறுபடி கட்டலாமா? எல்லாப் படங்களிலும் அது இருக்கிறதே!
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நடிகை ஆலியா பட் 2022 ஏப்ரலில் தம் திருமணத்துக்கு அணிந்த அதே புடவையை 2023 அக்டோபரில் தில்லியில் தேசியத் திரைப்பட விருதைப் பெறவும் அணிந்து வந்தார். அவருடைய திருமணப் படங்களைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உங்கள் ஆல்பத்தைப் பார்த்தவர்கள் சொற்பம்தான். அன்று அணிந்த ரவிக்கையை மட்டும் மாற்றுங்கள். முழங்கை வரை நீண்ட கறுப்புப் பருத்தி ரவிக்கை ஒன்று போதும். நகையில் பாதியைக் குறையுங்கள். பீரோவிலிருந்து எடுக்கும்போது மடிப்புக் கோடுகள் அழுத்தமாகத் தெரிந்தால், கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே பிரித்துக் கட்டிலில் விரித்துவிடுங்கள். விழா முடிந்து திரும்ப வைக்கும்போது வேறு இடத்தில் மடியுங்கள்.