அண்ணாச்சி, இந்த பாஸ் பெட்டி இன்னும் தேறுமா?

ஆம்ப், ஸ்பீக்கர், மைக் செட் பற்றி வாசகர்கள் கேட்பதற்குத் திருநெல்வேலி மெக்கானிக் அண்ணாச்சி பதில் சொல்கிறார்.

கேள்வி: அப்பா 2007-ல் வாங்கிய ஹோம் தியேட்டரின் பாஸ் பெட்டி, அதாவது சப்வூஃபர், பரணில் கிடந்தது. பத்து அங்குல ஸ்பீக்கர். இறக்கிப் பார்த்தால் ஓரத்து ஃபோம் தொட்டவுடன் உதிர்கிறது. ஸ்பீக்கரின் பேப்பர் கூம்பை அமுக்கினால் கரகரவென்று உரசுகிறது. உள்ளே இருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), சுவிட்சைப் போட்டதுமே உறுமுகிறது. கடைக்காரர், “மேக்னெட் பவர் போயிடுச்சு, எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்க” என்கிறார். எனக்கு சால்டரிங் தெரியும், மல்டிமீட்டரும் இருக்கிறது. வீட்டிலேயே புதுப் பாகம் போட்டு எடுத்துவிட முடியுமா?
- வாசகர், தேனி

பதில்: தாராளமாக முடியும் தம்பி. மேக்னெட் பவர் போகிறது என்பது பிரித்துப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள் சொல்கிற பேச்சு. ஸ்பீக்கரின் முதுகில் கறுப்பாக இருக்கிறதே வட்டக் கல், அது ஃபெரைட். கீழே போட்டு உடைக்காதவரை, பரணில் கிடந்ததற்காக அது பலம் இழந்துவிடாது. இரும்புச் சட்டமும் அப்படித்தான். வயசாகிக் கெடுவது ஃபோமும் பசையும் ஆம்பில் உள்ள கெப்பாசிட்டரும். அடி வாங்கிக் கெடுவது பேப்பரை அசைக்கிற கம்பிச் சுருளான காயிலும், ஆம்பில் சத்தத்தைப் பெருக்குகிற ஐ.சி.யும். இவை எல்லாமே மாற்றக்கூடிய சாமான்தான்.

ஃபோம் பாலியூரித்தேன் என்கிற சரக்கு. காற்றில் இருக்கிற ஈரமே அதை உள்ளுக்குள் அறுத்துவிடும். பாட்டே போடாமல் துணி சுற்றி வைத்திருந்தாலும் உதிரும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வருகிற பெட்டிகளில் விரலை வைத்தால் கறுப்புப் பிசினாகக் கையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் புதிதாகப் போடும்போது நான் ரப்பர் வளையம்தான் போடுவேன். ரப்பர் கொஞ்சம் கனம், சத்தம் ஒரு துளி குறையும். சப்வூஃபரில் அது நஷ்டக் கணக்கே இல்லை.

ஆனால் சாமான் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பெட்டி எதனால் செத்தது என்று பாருங்கள். வீட்டில் வேலை பார்க்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 3.2 முதல் 3.8 வரை காட்டும். காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. ஃபோம் போனதால் பேப்பர் ஒரு பக்கம் சரிந்து உரசுகிறது, அவ்வளவுதான். எதுவும் காட்டாவிட்டாலோ 1 ஓம் அளவில் நின்றாலோ காயில் எரிந்திருக்கிறது. நடுவில் இருக்கிற டஸ்ட் கேப்பை பிளேடால் வட்டமாக அறுத்து எடுத்து முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

காயில் எரிந்திருந்தால், எரித்தது யார்? பெரும்பாலும் ஆம்பில் உள்ள ஐ.சி.தான். அது ஷார்ட் ஆனதும் சப்ளை வோல்டேஜ் நேராக ஸ்பீக்கருக்குள் டி.சி.யாக இறங்கும். பேப்பர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், காயில் ஹீட்டர் மாதிரி பழுக்கும். அந்த ஆம்பைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டுச் சொருகினால் அன்று சாயங்காலமே அதுவும் போகும். “டூப்ளிகேட் காயில் கொடுத்துட்டான்” என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள். ஆகவே ஆம்பை முதலில் எடுங்கள்.

சீரியஸ் பல்ப் இல்லாமல் பழைய ஆம்பை மெயினில் சொருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் கம்பியில் சீரியஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். எல்.ஈ.டி. பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளபளவென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டி நெருப்புப் பறக்கவிடாமல், 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை வைத்து இறக்குங்கள்.

நீங்கள் சொல்கிற உறுமல், சப்ளையில் உள்ள இரண்டு பெரிய கெப்பாசிட்டர் காய்ந்துபோனதன் அடையாளம். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ஏ.சி.யை டி.சி. ஆக்குகிற பிரிட்ஜ் டயோடு தாண்டியதும் அது 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது. அதை வடிகட்ட ஆளில்லாவிட்டால் அப்படியே பேப்பரில் வந்து உறுமும். தலை உப்பியிருக்கிறதா பாருங்கள், உப்பாமலும் கெட்டிருக்கலாம். அதே மைக்ரோஃபாரட், வோல்டேஜ் மட்டும் ஒரு படி கூட்டிப் போடுங்கள்: 25 இருந்த இடத்தில் 35. பிறகு ஸ்பீக்கர் மாட்டாமல் அவுட்புட் முனைகளில் டி.சி. பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் ஐ.சி. அவுட். அதை மாற்றும்போது பழைய மைக்கா தாளையும் மாற்றி ஹீட் சிங்க் பேஸ்ட் புதிதாகத் தடவுங்கள்.

இனி ஸ்பீக்கர். காயில் நன்றாக இருந்தால் வளையம் மட்டும் போதும். “பத்து இஞ்ச் ஃபோம் கொடுங்க” என்று கேட்டு வாங்காதீர்கள். பத்து அங்குலத்தில் பத்து விதம் உண்டு. சட்டத்தில் ஒட்டும் இடத்தின் வெளி விட்டம், பேப்பரின் விட்டம், வளையத்தின் நடுவில் புடைத்திருக்கும் மேட்டின் அகலம், இந்த மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். காயில் போயிருந்தால் காயில், அதைத் தாங்கும் மடிப்புத் துணி வட்டமான ஸ்பைடர், பேப்பர், டஸ்ட் கேப் நான்கும் சேர்த்து வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்; டெல்லி லஜ்பத்ராய் மார்க்கெட்டிலிருந்து தருவிப்பவர்களும் உண்டு. பழைய காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள் விட்டத்தை வெர்னியரில் அளக்க வேண்டும், அரை மில்லிமீட்டர் தப்பினாலும் மேக்னெட்டின் சந்துக்குள் போகாது. கம்பி சுற்றிய உயரம், எத்தனை அடுக்கு, ஸ்பைடர் ஒட்டிய இடத்திலிருந்து சுற்று எவ்வளவு கீழே தொடங்குகிறது என்பதையும் குறித்து வையுங்கள். கடைசி அளவுதான் முக்கியம். சுற்று மேலேயோ கீழேயோ உட்கார்ந்துவிட்டால் ஸ்பீக்கர் பாடும், ஆனால் பாஸ் ஒரு பக்கம் மட்டும் குதிக்கும்.

பழைய பசையைத் தின்னரில் ஊறவைத்துச் சுரண்டுங்கள். அதற்கு முன் மேக்னெட்டின் சந்து இடைவெளியை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும். இரும்புத் துகள் ஒன்று உள்ளே போனாலும் அது காந்தத்தில் ஒட்டிக்கொண்டு காயிலைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஊதினால் வராது. டேப்பைப் பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி அட்டையில் மடித்து, சந்துக்குள் விட்டுச் சுற்றி எடுங்கள். சுத்தம் என்று தோன்றிய பிறகும் இன்னொரு சுற்று எடுங்கள்.

காயிலை நடுவில் நிறுத்த வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் போதும். விரல் அகலத்துக்கு நாலைந்து துண்டு வெட்டி, காயிலின் உள்பக்கத்துக்கும் நடு இரும்புக்கும் இடையில் சமமாகச் சொருகுங்கள். காயில் ஆடாமலும் இறுகாமலும் நிற்க வேண்டும். லூஸாக இருந்தால் இரட்டையாக மடியுங்கள். அப்படி நிற்கும்போதுதான் ஸ்பைடரையும் பிறகு பேப்பரையும் ஒட்ட வேண்டும். காயில், ஸ்பைடர், பேப்பர் மூன்றும் சேருகிற கழுத்துக்கு மெதுவாக இறுகும் அரால்டைட் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகுவது சூட்டில் இளகும், அது வேண்டாம். ஓரத்து வளையத்துக்குச் சட்டத்தில் ஃபெவிபாண்ட் போல ரப்பர் பசை, இரு பக்கமும் மெல்லியதாக. ஃபிலிமை உருவாமல் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். டஸ்ட் கேப்பை எல்லாம் சரிபார்த்த பிறகு கடைசியாக ஒட்டினால் போதும்.

காலையில் ஃபிலிமை உருவி, இரு உள்ளங்கையாலும் பேப்பரைச் சமமாக அமுக்குங்கள். சத்தமே வரக்கூடாது. டார்ச் பேட்டரி ஒன்றின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் தொட்டால் பேப்பர் வெளியே துள்ள வேண்டும். இது சரியானால் பெட்டியில் மாட்டி, சத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ரைஸும் கெல்லாகும் செய்துகாட்டிய ஸ்பீக்கரிலும் காந்தச் சந்து, காயில், பேப்பர் என்று இதே சங்கதிதான். அவர்களுக்கு முடிந்தது தேனியில் முடியாதா?

கேள்வி: புதிதாக செட்-டாப் பாக்ஸ் இணைத்ததிலிருந்து எங்கள் சப்வூஃபர் ம்ம்ம் என்று இரைகிறது. சத்தத்தைக் குறைத்தாலும் இரைச்சல் குறைவதில்லை. பிளக்கில் இருக்கும் எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று என் கொழுந்தனார் சொல்கிறார்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: நின்றாலும் நிற்கும். ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மர் லீக் ஆகிற அன்று பெட்டியைத் தொட்டவருக்கு அடிக்கும். எர்த் பின்னில் கை வைக்க வேண்டாம் அம்மா. ஆடியோ ஒயரை மட்டும் உருவிப் பாருங்கள். இரைச்சல் நிற்கிறது என்றால் சப்வூஃபரில் கோளாறு இல்லை. அடுத்து ஆடியோ ஒயரை மாட்டிவிட்டு, தெருவிலிருந்து வரும் கேபிளை செட்-டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். அப்போது நின்றால், தெருக் கம்பத்து எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒன்றோடொன்று இழுபறி செய்கின்றன என்று அர்த்தம். கேபிளுக்கு நடுவில் போடுகிற ஐசொலேட்டர் என்று கடையில் கேளுங்கள், விரல் நீளச் சாமான். எல்லாப் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினாலே பாதி வீடுகளில் சரியாகிவிடுகிறது, அதை முதலில் செய்துபாருங்கள்.

கேள்வி: 7294 ஆம்ப் ஐ.சி. போர்டு வாங்கிவிட்டேன். கையில் 28-0-28 ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஸ்பீக்கர் 4 ஓம். போடலாமா?
- வாசகர், கோவை

பதில்: போடக்கூடாது. 28 ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் 39 வோல்ட்டுக்கு மேல் வரும். அந்த ஐ.சி. வேலை செய்யும் எல்லையே பிளஸ் மைனஸ் 40. ராத்திரி எல்லோரும் மோட்டாரை நிறுத்தியதும் லைன் 250-ஐத் தொடுகிற ஊர்கள் இருக்கின்றன. அப்போது 43 ஆகிவிடும். அதோடு 4 ஓமுக்கு அதன் டேட்டா ஷீட்டிலேயே பிளஸ் மைனஸ் 27 தான் போட்டிருக்கிறது, 70 வாட் கிடைக்கும். 20-0-20 வாங்குங்கள், கணக்காக இருக்கும். 28-ஐ 8 ஓம் ஸ்பீக்கருக்கு என்று எடுத்துவைக்கவும் வேண்டாம், அதற்கும் அது அதிகம்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். 4440 ஆம்ப் ஐ.சி. போர்டில் பத்து அங்குல சப்வூஃபர் ஓடுமா அண்ணாச்சி? 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறது.
- வாசகர், விருதுநகர்

பதில்: ஓடும், ஆனால் நடந்துதான் ஓடும். 4440 நல்ல ஐ.சி. தம்பி, தமிழ்நாட்டில் பாதிப் பேர் சால்டரிங் கற்றதே அதில்தான். இரண்டு சேனலையும் சேர்த்து பிரிட்ஜில் போட்டாலும் 19 வாட்டுக்குள்தான், அதற்கு அடாப்டர் 3 ஆம்பியராவது தர வேண்டும். ஹாஸ்டல் அறைக்கு அது போதும். வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் திருகினால் ஆம்ப் அலையை வெட்டும், காயிலுக்குச் சூடு ஏறும். ஸ்பீக்கர் பெரிசு, ஆம்ப் சின்னது, அதனால் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து சப்வூஃபர் பெட்டி ஊறி உப்பிவிட்டது. ஸ்பீக்கர் தப்பித்தது, 8 அங்குலம். புதுப் பெட்டி செய்ய ஆசாரி தயார், அளவுதான் தெரியவில்லை.
- வாசகர், கடலூர்

பதில்: உப்பியது மரத்தூள் பலகை. ஆசாரியிடம் 18 மி.மீ. பிளைவுட் சொல்லுங்கள், உங்கள் ஊருக்கு மரைன் பிளை என்றால் இன்னும் நிம்மதி. தேக்குப் பலகை வேண்டாம். வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி விரிந்து மூட்டில் காற்றுப் போகும்.

பழைய பெட்டியின் உள் அளவை முதலில் எடுங்கள், கம்பெனிக்காரன் அந்த ஸ்பீக்கருக்குப் பார்த்துத்தான் வைத்திருப்பான். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். அந்த லிட்டரும், பெட்டியில் காற்று போய்வர வைத்திருக்கும் குழாயின் நீளமும் குறுக்களவும் மாறாமல் இருந்தால் பெட்டியின் வடிவம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். பழைய குழாய் உடைந்துபோயிருந்தால் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஸ்பீக்கரும் குழாயும் அடைக்கிற இடம் போக 30 லிட்டர், உள் விட்டம் 7 செ.மீ. உள்ள பி.வி.சி. குழாய் என்றால், பெட்டியை 40 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க 19 செ.மீ. நீளம் வரும். பெட்டி சின்னதானால் குழாய் நீளும். ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961-லும் அவருக்குப் பின் ஸ்மால் என்பவர் 1970-களிலும் இதற்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன் காதை வைத்து அறுத்து அறுத்துப் பார்த்ததுதான்.

மூட்டு எல்லாவற்றிலும் ஃபெவிகால் வழிய வேண்டும், ஆணியை மட்டும் நம்பக்கூடாது. ஸ்பீக்கரை மாட்டிய பின் மூட்டு ஓரமாக ஊதுபத்திப் புகையைப் பிடித்தபடி பாட்டுப் போடுங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. குழாய் வாயில் ஆடுவது கணக்கில் வராது.

கேள்வி: சப்வூஃபர் குழாய்க்குள் பல்லி போய் வருகிறது. துணியைச் சுருட்டி அடைத்துவிடலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: அடைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அடிபாஸ் குறையும், இருக்கிற பாஸ் கொஞ்சம் கெட்டியாகக் கேட்கும். சுவர் மூலையில் வைத்த பெட்டி என்றால் சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. பாஸ் குறையக்கூடாது என்றால் குழாயின் உள்முனையில் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைக் கட்டுங்கள். கொசுவலை வேண்டாம், காற்று அதில் உஸ் என்று சத்தம் போடும். அரை அங்குலக் கண்ணில் பெரிய எலி நுழையாது, பல்லி நுழையத்தான் செய்யும். ஆனால் ஒயரைக் கடிப்பது எலிதான். பல்லியை விட்டுவிடுங்கள்.