அடைப்பு இல்லையென்றால் நெஞ்சு ஏன் இறுகுகிறது?

கேள்வி: எனக்கு 48 வயது. 8 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிகரெட் பழக்கமும் உண்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை என்றார்கள். ஆனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதாம். இரண்டுக்குமே ரத்தக்குழாயின் உட்படலம் கெட்டது காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். அடைப்பே இல்லாத குழாயில் அப்படி என்ன கோளாறு?

பதில்: ரத்தக்குழாய் என்றதும் தண்ணீர்க் குழாய்தான் நினைவுக்கு வருகிறது. சிக்கலே அங்குதான். ரத்தக்குழாய்க்கு உயிர் உண்டு. அதன் உட்புறம் முழுக்க ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். வெகுகாலம் இதை வெறும் பூச்சு என்றே நினைத்திருந்தார்கள்.

ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் மகாதமனித் துண்டுகளை வைத்து ஆராய்ந்தார். அசிட்டைல்கோலின் என்ற மருந்தை விட்டால் சில துண்டுகள் தளர்ந்தன, சில சுருங்கின. ஒரே மருந்து, ஒரே குழாய்! கடைசியில் பார்த்தால், சுருங்கிய துண்டுகளில் உட்படலம் தயார்செய்யும்போது உரசிப் போயிருந்தது. 1980இல் இதை வெளியிட்டார். அந்தப் படலம் சுரந்து குழாயைத் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பின்னர் தெரிந்தது. 1998இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது உங்கள் மாடிப்படிக்கு வருவோம். படி ஏறும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். குழாய்கள் விரிந்து கொடுக்க வேண்டும். உயர்ந்த சர்க்கரையும் சிகரெட் புகையும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்துவிடுகின்றன. குழாய் விரிய மறுக்கிறது, சில நேரம் சுருங்கியும் விடுகிறது. ஆஞ்சியோகிராமில் தெரிபவை பெரிய குழாய்கள். கோளாறு அதில் தெரியாத நுண்குழாய்களில் இருக்கலாம். எனவே ‘அடைப்பு இல்லை’ என்பதை ‘நோய் இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வலி கற்பனையும் அல்ல.

ஆல்புமினும் இதே கதைதான். எதை வெளியே விடலாம், எதை விடக்கூடாது என்று காவல் காப்பதும் இந்தப் படலத்தின் வேலை. சிறுநீரக வடிகட்டியில் காவல் தளர்ந்தால் புரதம் கசியும். பெரிய தமனியில் தளர்ந்தால் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழையும். வழவழப்பாக இருந்த படலம் பிசுபிசுப்பாகி வெள்ளணுக்களைப் பிடித்து இழுக்கும், அவையும் உள்ளே போகும், கொழுப்பை விழுங்கி அங்கேயே தங்கும். பிற்காலத்து அடைப்பின் விதை அதுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் திறனும் கூடவே குறையும்.

சரி, திரும்புமா? ஓரளவு திரும்பும். முதலில் சிகரெட்டை விடுங்கள், குறைப்பது போதாது. டாக்டர் அனுமதிக்கும் அளவுக்கு நடங்கள். ரத்தம் வேகமாக ஓடி உரசும்போதுதான் படலம் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் கட்டுக்குள் இருக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தந்திருந்தால் அடைப்பு இல்லையே என்று நிறுத்திவிட வேண்டாம். நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் என்று விற்கும் பொடிகளுக்குச் செலவழிக்காதீர்கள். ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு இறுகி வியர்த்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று. ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடச் சிறியவை. அதனால் இதே படலக் கோளாறில் விறைப்புக் குறைவு பலருக்கு இதயக் கோளாறுக்கு முன்பே தலைகாட்டும். இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் விறைப்புக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரையைத் தானாக வாங்கிப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.